புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது எப்படி? வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வு எழுதுகிறவர்களுக்கு

நாற்பது வயதையொட்டித் தேர்வுக்குப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "வயதாகிவிட்டது, மண்டையில் ஏறவில்லை." இதில் கால்வாசிதான் உண்மை. புதிய தகவலைக் கையாளும் வேகம் இருபதுகளின் இறுதியிலிருந்தே மெல்லக் குறைகிறது என்பது சரி. ஆனால் சொல்வளமும் பொது அறிவும் அறுபது வயதுவரைகூட வளர்கின்றன. பதினெட்டு வயதில் ஒரு வெற்றுப் பட்டியலை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இப்போது அது சிரமம். அதே சமயம், ஒரு சட்டப் பிரிவையோ கணக்கு விதியையோ படித்தவுடன் "அலுவலகத்தில் அன்றைக்கு அப்படிச் செய்ததன் காரணம் இதுதானா!" என்று ஒரு பிடி கிடைக்கிறது. பதினெட்டில் அந்தப் பிடி கிடையாது.

மீதி முக்கால்வாசி, படிக்கும் முறையில் உள்ள கோளாறு. வாசிப்பது, அடிக்கோடிடுவது, மறுபடி வாசிப்பது என்பதுதான் நம்மில் பலர் பள்ளியிலிருந்து கொண்டுவந்த முறை. நாள் முழுவதும் நேரம் இருந்தபோது அது எப்படியோ ஒப்பேறியது. ஜான் டன்லாஸ்கியும் உடன் பணியாற்றிய உளவியலாளர்களும் பத்துக் கற்றல் உத்திகளைப் பற்றிய ஆய்வுகளை அலசி 2013-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், மறுவாசிப்பும் அடிக்கோடிடுவதும் குறைந்த பயன் தருபவை என்ற வரிசையில்தான் இடம்பெற்றன. உயர்ந்த பயன் என்ற வரிசைக்கு வந்தவை இரண்டே: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டையும் அன்றாடத்துக்குள் கொண்டுவரும் வழிதான். கவனச் சிதறலுக்கும் மருந்து பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வரிகளின் மேல் கண் ஓடும்போது மனம் எங்கு வேண்டுமானாலும் போகலாம். கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படிப் போக முடியாது.

முதலில் கண், பிறகு புத்தகம்

நாற்பதுகளில் வெள்ளெழுத்து வந்துவிடும். சிறிய எழுத்தைப் படிக்கக் கண் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். இருபது நிமிடத்தில் நெற்றி வலிக்கும், வரி தாவும், கண் சொருகும். இதைக் கவனக்குறைவு என்று எண்ணிக்கொண்டு தியானப் பயிற்சி தேடி அலைகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேவைப்படுவது வாசிப்புக் கண்ணாடி. கண் பரிசோதனையை முடித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.

உடம்பு தரும் வேறு சில குறிப்புகளையும் தள்ளிப்போடாதீர்கள். ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறது, பலமாகக் குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்கள் என்றால், தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகிய மூன்றுமே மறதியாகவும் மந்தமாகவும் வெளிப்படக்கூடியவை. சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில மாத்திரைகள் மறுநாள் காலைவரை மந்தமாக்கும்; மருத்துவரிடம் கேட்டால் மாற்று மருந்து எழுதித் தருவார். நினைவாற்றலைப் பெருக்கும் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் மாத்திரைகளையும் சாறுகளையும் வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பழைய வினாத்தாள் தொகுப்பு வாங்கலாம்.

வினாத்தாளில் தொடங்குங்கள்

பாடநூலின் முதல் பக்கத்தில் தொடங்கினால் மூன்றாவது அத்தியாயத்தில் சோர்ந்துபோவோம். பாடத்திட்டத்தையும், எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்ற பங்கீட்டையும், பழைய வினாத்தாள்களையும் முதலில் சேகரியுங்கள். முதல் நாளே ஒரு பழைய தாளை எடுத்து, ஒன்றும் படிக்காமல் எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இயல்பு. விடை தவறானாலும், முயன்று பார்த்துவிட்டுப் பிறகு சரியான விடையைப் படித்தால் அது கூடுதலாக மனத்தில் தங்குகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. தேர்வு உங்களிடம் எதிர்பார்ப்பது சரியானதைத் தேர்ந்தெடுப்பதா, விரித்து எழுதுவதா, கணக்கிடுவதா என்பதும் அன்றே தெரிந்துவிடும். பலர் இதைக் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பிறகு பாடத்திட்டத்தின் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே தெரியும், அரைகுறை, புதிது என்று எழுதுங்கள். என் கணிப்பில், மதிப்பெண் விரைவாக ஏறும் இடம் 'அரைகுறை'தான். புதியதைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதற்கு முன் அதை முடியுங்கள்.

நேரத்தை ஒதுக்குவது

ஞாயிறன்று ஏழு மணி நேரம் படிப்பதைவிட நாளுக்கு ஒரு மணி நேரமாக ஏழு நாளும் படிப்பது நல்லது. நேரத்தை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புதிய பாடத்துக்குத் தலை தெளிவாக இருக்கும் ஒரு மணி நேரம் வேண்டும். சிலருக்கு அது அதிகாலை, சிலருக்கு இரவு. இதில் உயர்ந்தது தாழ்ந்தது என்று எதுவும் இல்லை. ஏற்கெனவே படித்ததை நினைவுபடுத்திப் பார்க்க அவ்வளவு நேரமோ தெளிவோ தேவையில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம், மதிய இடைவேளையின் கடைசிக் கால் மணி நேரம் போன்ற துண்டு நேரங்கள் போதும்.

"தினமும் படிக்க வேண்டும்" என்பது வெறும் ஆசை. "சாப்பிட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்ததும் மேசையில் உட்காருவேன்" என்பது திட்டம். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போட்டால், உட்காரலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் உங்களோடு நீங்களே வாதாட வேண்டியதில்லை. அந்த நேரம் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை வீட்டில் சொல்லிவிடுங்கள். முடியும் நேரத்தைச் சொல்வது முக்கியம். எத்தனை மணிக்கு எழுந்து வருவீர்கள் என்று தெரிந்தால் குழந்தைகள்கூடக் காத்திருப்பார்கள்.

வேலையிலிருந்து வந்த கையோடு புத்தகத்தைத் திறந்தால் மனம் அலுவலகத்திலேயே நிற்கும். முடிக்காத வேலையின் ஒரு பகுதி கவனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் விளக்கியிருக்கிறார். மேசையை விட்டுக் கிளம்பும் முன், எது பாக்கி, நாளை அதை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அந்தக் கவலையைக் காகிதம் பார்த்துக்கொள்ளும்.

கைபேசி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒலியை அணைத்துக் கவிழ்த்து வைப்பது போதாது. வேறு அறையில் வையுங்கள். அவசர அழைப்பு வரக்கூடும் என்றால் ஒலியை இயக்கி அங்கேயே வையுங்கள், வந்தால் கேட்கும். நேரம் பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் மேசையில் இருக்கட்டும். பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கிறவர்கள், குறைந்தபட்சம் சொற்கள் உள்ள பாட்டையாவது விட்டுவிடுங்கள். படிக்கும் வாக்கியத்தோடு பாட்டின் வரி போட்டி போடும்.

இருபத்தைந்து நிமிடத்தில் நடக்க வேண்டியது

இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற முறையை பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் இறுதியில் தமக்காக வகுத்துக்கொண்டார். இருபத்தைந்து என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. பல ஆண்டுகள் கழித்துப் படிக்க வருகிறவர் பதினைந்தில் தொடங்கி, பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். அந்த நேரத்துக்குள் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். செவிலியர் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கும் ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை பற்றிய பகுதி என்று வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் வாசிக்கவே வேண்டாம். தலைப்பையும் படத்தையும் தடித்த எழுத்துகளையும் பார்த்து, இந்தப் பக்கம் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று யோசித்து ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள்: "சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையை யார் இறக்குவது? பட்டினி கிடக்கும்போது யார் ஏற்றுவது?" இப்போது அந்த விடைகளைத் தேடி வாசியுங்கள். ஒரே நேரத்தில் நாலைந்து புதிய செய்திகளுக்கு மேல் மனத்தில் ஏந்தி வைத்திருக்க முடியாது. ஆகவே ஒரு சிறு தலைப்பு முடிந்ததும் நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் புத்தகத்தை மூடுங்கள். வெறும் தாளில், பார்க்காமல், நினைவில் உள்ளதை எழுதுங்கள். அவர் இப்படி எழுதக்கூடும்: "சர்க்கரை ஏறினால் கணையம் இன்சுலினைச் சுரக்கும். தசையும் கொழுப்புத் திசுவும் சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளும். கல்லீரல் அதைக் குளுக்ககானாக மாற்றிச் சேமிக்கும்." இந்த இடத்தில் ஏதோ இடிக்கிறது. சேமிக்கப்படுவது குளுக்ககானா, கிளைக்கோஜனா? உடனே புத்தகத்தைத் திறக்காமல் அரை நிமிடமாவது தடுமாறுங்கள். பிறகு திறந்து பார்த்தால், கல்லீரலில் சேமிக்கப்படுவது கிளைக்கோஜன். சர்க்கரை இறங்கும்போது கணையம் சுரப்பது குளுக்ககான், அது கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக வெளியே விடச் செய்கிறது என்று தெரியும். சிவப்பு மையில் திருத்துங்கள். நான்கு முறை வாசித்திருந்தால் இந்தக் குழப்பம் தலைகாட்டியே இருக்காது. இரண்டு சொற்களும் பழகிய முகங்களாகத் தோன்றியிருக்கும், தேர்வு அறையில்தான் காலை வாரியிருக்கும்.

ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. ஒரு குழு ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதல் குழுவே முந்தியது. ஒரு வாரம் கழித்து, நான்கு தடவை படித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதமும் நினைவில் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பியது மறுபடி மறுபடி படித்த குழுதான். சரளமாக வாசிக்க முடிவதைத் தெரிந்திருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். "இது எனக்குத் தெரியும்" என்று தோன்றும் பக்கத்தைத்தான் முதலில் மூட வேண்டும்.

மூடி எழுதும்போது எரிச்சல் வரும். ஒன்றும் ஏறவில்லை என்றுகூடத் தோன்றும். அந்தச் சிரமத்தில்தான் வேலை நடக்கிறது. அதற்காக விட்டுவிட்டு மறுவாசிப்புக்குத் திரும்பிவிடாதீர்கள். படித்துக்கொண்டிருக்கும்போது "சமையல் கேஸ் பதிவு செய்ய வேண்டும்", "கட்டணம் கட்ட நாளை கடைசி நாள்" என்று நினைவுகள் குறுக்கே வந்தால், பக்கத்தில் ஒரு தாளில் குறித்துவிட்டுத் தொடருங்கள். ஐந்து நிமிட ஓய்வில் எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். கைபேசியைத் தொட்டால் அது ஐந்து நிமிடத்தில் முடியாது.

அட்டைகளும் இடைவெளியும்

மறதியை அளந்து பார்த்த ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-ல் வெளியிட்ட ஆய்வில் சோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவர்தான். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு, மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அந்த மிச்சம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டே போகவில்லை. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. பொருள் புரிந்து படிப்பது இவ்வளவு வேகமாகக் கரையாது என்றாலும், மறதியின் போக்கு அதேதான்: தொடக்கத்தில் செங்குத்து, பிறகு சமதளம். ஆகவே முதல் மீள்பார்வை மறுநாளே நடக்க வேண்டும். அதன் பிறகு இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம்.

இதை நடைமுறைப்படுத்த எளிய வழி கேள்வி அட்டைகள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. மூன்று பெட்டிகள் அல்லது உறைகள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியை நாள்தோறும் பார்க்க வேண்டும். இரண்டாவதை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. மூன்றாவதைப் பத்து நாளுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு ஏறும். தவறினால், எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதலாவதுக்கே திரும்பும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது; ஆங்கி போன்ற செயலிகள் இதே வேலையைத் தாமாகக் கணக்கிட்டுச் செய்கின்றன. கைபேசியைத் திறந்தால் வேறு எங்கோ போய்விடுகிறவர் காகித அட்டையோடு இருப்பதே நல்லது.

அட்டையில் எழுதும் கேள்வியின் தரம் முக்கியம். "இன்சுலின் என்றால் என்ன?" என்பது சோம்பல் கேள்வி, எதைச் சொன்னாலும் பாதி சரியாக இருக்கும். "குளுக்ககான் எந்த உறுப்பில் சேமித்த எதை உடைக்கச் செய்கிறது?" என்பதற்கு ஒரே விடைதான். ஓர் அட்டையில் ஒரு செய்திக்கு மேல் வேண்டாம். முழுப் பத்தியை அட்டையில் நகலெடுத்தால் அது குட்டிப் பாடநூல் ஆகிவிடும், அதையும் மறுவாசிப்புத்தான் செய்வீர்கள். விடையை மனத்துக்குள் "தெரியும்" என்று தள்ளாமல், வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்புங்கள்.

முதல் மீள்பார்வைக்குப் பிறகு எவ்வளவு இடைவெளி சரி? தேர்வுக்கு எத்தனை நாள் இருக்கிறதோ அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குவரை என்று எடுத்துக்கொள்ளலாம். அறுபது நாள் இருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு நாள். பத்து நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கலந்து பயிற்சி செய்யுங்கள்

கணக்குப் பாடங்களில் ஒரே வகைக் கணக்கை இருபது தடவை போட்டால் கை தானாக ஓடும். ஆனால் தேர்வில் "இது எந்த வகைக் கணக்கு" என்று யாரும் மேலே எழுதித் தருவதில்லை. அதைக் கண்டுபிடிப்பதும் ஒரு திறன். அது வகைகளைக் கலந்து செய்தால்தான் வரும். 2007-ல் ரோரரும் டெய்லரும் வெளியிட்ட சோதனையில், கலந்து செய்தவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வெகுவாக முந்தினார்கள். அடிப்படை பிடிபட்டதும் மூன்று வகைகளிலிருந்து மாற்றி மாற்றி எடுங்கள். சட்டம், கணக்கியல், மொழி இலக்கணம் எல்லாவற்றிலும், ஒன்றுக்கொன்று குழம்பக்கூடியவற்றைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பயில வேண்டும்.

இதற்காகத் தனியே ஒரு பிழைக் குறிப்பேடு வையுங்கள். என்ன தவறு, ஏன் நேர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. "குளுக்ககான், கிளைக்கோஜன்: பெயர் ஒற்றுமையால் குழப்பம்." "கேள்வியில் 'தவிர' என்ற சொல்லைக் கவனிக்கவில்லை." சில வாரங்களில் உங்கள் தவறுகள் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடுவதைப் பார்ப்பீர்கள்.

எந்தப் பொருளும் ஒட்டாத வெற்றுப் பட்டியல்களுக்கு மட்டும் பழைய உத்திகளைக் கைக்கொள்ளலாம்: முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்குவது, வீட்டு வாசலிலிருந்து கொல்லைப்புறம்வரை ஒவ்வோர் இடத்திலும் ஒரு செய்தியை நிறுத்திவைத்து மனத்தால் நடந்து பார்ப்பது. கிரேக்கரும் ரோமானியரும் மேடைப் பேச்சுக்கு இப்படித்தான் தயாரானார்கள். பாடம் முழுவதையும் இப்படிச் செய்யப் புகுந்தால் உத்தியை நினைவில் வைக்கவே நேரம் போய்விடும்.

தூக்கம், காபி, கடைசி வாரம்

படித்தது நினைவில் உறைவது பெருமளவு தூக்கத்தில்தான். தூக்கத்தைத் திருடிப் படிக்கிறவர், படித்ததையும் சேர்த்து இழக்கிறார். காபியின் கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்தால் பதினொன்றுக்கும் பாதி மிச்சமிருக்கும், மதியத்தோடு நிறுத்துங்கள். வேகமாக நடப்பது போன்ற உடற்பயிற்சி தூக்கத்துக்கும் நல்லது, உட்கார்ந்தே கழியும் நாளின் மந்தத்துக்கும் நல்லது.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்து வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். நிஜத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில், அதே கால அளவில், இடையில் எழாமல். கணினியில் அடித்தே பழகிய கை மூன்று மணி நேரம் பேனா பிடிக்கத் திணறும்; கையெழுத்துத் தேர்வென்றால் அதற்கும் பயிற்சி தேவை. கடைசி வாரத்தில் புதிய பாடம் எதையும் தொடாதீர்கள். அட்டைகளும் பிழைக் குறிப்பேடும் போதும்.

தேர்வு அறையில் விடை நாக்கு நுனியில் நின்று வர மறுத்தால், அங்கேயே நின்று முட்டிக்கொள்ளாமல் ஓரத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். திரும்பி வரும்போது, அந்தச் சொல்லைத் துரத்தாமல் அதன் அக்கம்பக்கத்தை எழுதிப் பாருங்கள்: எந்த அத்தியாயம், எந்தப் படம், எதற்கு எதிரானது. பல நேரம் அந்த வழியாக வந்து சேரும். ஒன்றுக்கு மேற்பட்ட தாள்கள் இருந்தால், முடித்த தாளின் விடைகளை வாசலில் நின்று நண்பர்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியாது. அடுத்த தாளின் முதல் பெட்டி அட்டைகள் வீட்டில் காத்திருக்கின்றன.